ஐசிடி பெட்டி மாற்றச் சொல்கிறார்கள், பழைய லீட் அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். நம்பலாமா?

கரூர் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. பெரிய ஹார்ட் அட்டாக் வந்து இதயத்தின் பம்பிங் 28 சதவீதத்துக்கு இறங்கியதால் 2017இல் ஐசிடி வைத்தார்கள், ஆபத்தான துடிப்பு வந்தால் உடம்புக்குள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி. இதுவரை ஒரே ஒரு தடவை ஷாக் கொடுத்திருக்கிறது. அன்று அது வேலை செய்யாமல் போயிருந்தால் அப்பாவைப் பிழைக்க வைத்திருக்க முடியாது என்று டாக்டரே சொன்னார்.

போன செக்கப்பில் பேட்டரி மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டது, மூன்று மாதத்துக்குள் பேட்டரி உள்ள பெட்டியை மாற்றிவிடுங்கள் என்றார்கள். பெட்டியிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பியை, அதாவது லீட்டைப் பற்றிக் கேட்டால் "அது நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இணையத்தில் தேடப் போனேன். பேட்டரி கோளாறு, லீட் உடைவது, லட்சக்கணக்கில் ரீகால் (கோளாறுள்ள கருவிகளைக் கம்பெனி திரும்பப் பெறுவதாக அறிவிப்பது) என்று வரிசையாக வருகிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. இந்தக் கருவியை எத்தனை வருஷத்துக்கு நம்பலாம்? பழைய லீட்டோடு புதுப் பெட்டியை இணைப்பது சரிதானா?

கேத்லேப் முத்து:

செல்வி, முதலில் ஒன்று. பேட்டரி "மாற்ற வேண்டும்" என்ற குறியைத் தொட்ட பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் ஷாக் உட்பட எல்லாம் சரியாக வேலை செய்யும்படிதான் பெட்டியை வடிவமைக்கிறார்கள். அதனால் பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். நான் பயோமெடிக்கல் படித்து, பல வருஷம் கேத்லேப்பில், அதாவது ஆஸ்பத்திரியின் இதயச் சோதனைக் கூடத்தில், இந்தக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஐசிடி என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது இரண்டு பொருள்கள். ஒன்று பெட்டி, இன்னொன்று லீட். இரண்டுக்கும் ஆயுள் வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு.

பெட்டியில் சுமார் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கிறது. தேவைப்படும்போது அதைச் சுமார் 10 விநாடிக்குள் 700, 800 வோல்ட்டுக்கு ஏற்றி, 35 முதல் 40 ஜூல் வரை ஒரே அடியாக இறக்க வேண்டும். மனிதருக்கு முதன்முதலாக இதை வைத்தது 1980 பிப்ரவரி 4, பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். மிஷெல் மிரோவ்ஸ்கி, மார்ட்டன் மோவர் என்ற இரண்டு டாக்டர்களின் பல வருஷ உழைப்பு அது. அப்போது நெஞ்சைத் திறந்துதான் வைத்தார்கள், பெட்டி வயிற்றுப் பகுதியில் இருந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும். இன்றைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வருஷம் வரை வருகிறது. அப்பாவுக்கு வந்தது நியாயமான ஆயுள்தான்.

லீட் கதை வேறு. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த லீட் வளைந்து நிமிர்கிறது. போதாததற்கு, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கவும் வாய்ப்பு உண்டு. உள்ளே முடி போன்ற கம்பிகள், மேலே சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் உறை. பெட்டியைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்கலாம். லீட்டை அப்படிச் செய்ய முடியாது, அது இரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயச் சுவரோடும் ஒட்டி வளர்ந்துவிடுகிறது. நீண்டகால நம்பகத்தன்மை என்று பேசினால் முக்கால்வாசி லீட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஜெர்மனியில் 1992 முதல் 2005 வரை லீட் வைத்த 990 பேரைத் தொடர்ந்து பார்த்து, 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து வருஷத்தில் 85 சதவீத லீட்கள் கோளாறில்லாமல் இருந்தன. எட்டு வருஷத்தில் 60 சதவீதம். பத்து வருஷமான லீட்களில் வருஷத்துக்கு 20 சதவீதம் கெட்டன. கோளாறுகளில் பாதிக்கு மேல் உறை பிரச்சினை, கம்பி முறிவு 12 சதவீதம்தான். பயப்படாதீர்கள், அது அந்தக் காலத்து லீட்கள். இப்போது வருபவை அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் வயது ஏற ஏறக் கோளாறும் ஏறும் என்ற அடிப்படை மாறவில்லை.

நீங்கள் படித்த லீட் ரீகால்களில் முக்கியமானவை இரண்டு. மெட்ரானிக் கம்பெனி 2004இல் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் என்ற மெல்லிய லீட்டைக் கொண்டுவந்தது, விட்டம் சுமார் 2.2 மில்லிமீட்டர். மெல்லியதாக இருந்தால் இரத்தக்குழாயில் நுழைப்பது சுலபம், டாக்டர்களுக்குப் பிடித்துப்போனது. கம்பி முறிய ஆரம்பித்தது. அமெரிக்காவின் மினியாபோலிஸில் ராபர்ட் ஹவுசர் என்ற டாக்டரின் குழு இதைக் கவனித்து 2007இல் எழுதியது. அந்த வருஷம் அக்டோபரில் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 2,68,000 லீட்கள் உடம்புக்குள் போய்விட்டன. இரண்டாவது, செயின்ட் ஜூட் கம்பெனியின் ரியாட்டா. அதில் உள்ளே இருந்த கம்பிகளே உறையை உள்பக்கமிருந்து அறுத்துக்கொண்டு வெளியே வந்தன. எக்ஸ்ரேயில் கம்பி தனியாகத் தெரியும். 2010 இறுதியில் விற்பனை நின்றது, 2011இல் அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மிகக் கடுமையான வகை ரீகால் என்று அறிவித்தது.

அப்பாவுக்கு வைத்தது 2017இல். இந்த இரண்டும் சந்தையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆன பிறகு. வீட்டில் கருவி அட்டை இருக்கும், அதில் பெட்டி, லீட் இரண்டின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிவா ஸ்கார்பரோ:

வணக்கம் தங்கச்சி. எனக்கு இதயத் தசை தடிப்பு, பரம்பரை வியாதி. முப்பது வயசிலேயே ஐசிடி வைத்துவிட்டார்கள். முத்து அண்ணா சொன்ன இரண்டு லீட்டும் என்னுடையது இல்லை, என்னுடையது எந்த ரீகால் பட்டியலிலும் வரவில்லை. ஆனாலும் ஏழாவது வருசம் கம்பி முறிந்தது. பட்டியலில் இல்லாததும் உடையும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பனி வழித்துக்கொண்டு நின்றேன். இடது கையை உயர்த்தும்போது திடீரென்று நெஞ்சில் உதை. மயக்கம் ஒன்றும் இல்லை, முழு நினைவோடு நிற்கிறேன், திரும்ப உதை, திரும்பவும் உதை. முறிந்த கம்பி கை அசைவில் உரசி உண்டாக்கின இரைச்சலைப் பெட்டி ஆபத்தான துடிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அம்புலன்சில் வந்த பிள்ளை பெட்டிக்கு மேலே காந்தத்தை வைத்த பிறகுதான் நின்றது. அதற்குப் பிறகு கன மாதம் படியேறப் பயம், குளிக்கப் பயம். உடம்பு தேறின பிறகும் மனசு தேற நாள் எடுத்தது. இதைப் பற்றிக் கிளினிக்கில் யாரும் தாமாகக் கேட்க மாட்டார்கள், நாங்கள்தான் கதைக்க வேணும்.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் இருக்கிறது. இரவில் தானாகவே லீட்டின் அளவுகளைக் கிளினிக்குக்கு அனுப்பிவிடும். அன்றைக்கு என்னிடம் அது இருந்திருந்தால் முதல் இரைச்சல் வரும்போதே கண்டுபிடித்திருப்பார்கள் என்று என் டாக்டர் சொன்னார். அப்பாவின் புதுப் பெட்டிக்கு அந்த வசதி கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள்.

ராஜவேல்:

முத்து சார் எழுதியதைப் படித்தால் எல்லாம் தற்செயலாக நடந்த கோளாறு போல இருக்கிறது. மன்னிக்கவும், அப்படி இல்லை. கைடன்ட் கம்பெனி கதையை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவர்களுடைய வென்டக் பிரிசம் என்ற பெட்டியில் உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆவது 2002லேயே கம்பெனிக்குத் தெரியும். வடிவமைப்பை மாற்றினார்கள், ஆனால் டாக்டர்களிடம் சொல்லவில்லை. மாற்றத்துக்கு முன்பு தயாரித்த பெட்டிகளையும் தொடர்ந்து விற்றார்கள். 2005 மார்ச்சில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். ஷாக் கொடுக்க வேண்டிய பெட்டி ஷார்ட் ஆகிவிட்டது. அவருடைய டாக்டர்கள் விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுபோன பிறகுதான் ரீகால் வந்தது. 2011இல் நீதிமன்றம் அபராதமும் பறிமுதலுமாக 29.6 கோடி டாலருக்கு மேல் விதித்தது. அமெரிக்காவிலேயே மூன்று வருஷம் மறைக்க முடிந்ததென்றால் இங்கே?

என் மச்சானுக்கும் வைத்தார்கள். ஒரு ஷாக்கும் தேவைப்படவில்லை. பெட்டி மாற்றும்போது இன்ஃபெக்ஷன் வந்து, எல்லாவற்றையும் பிடுங்கி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. வைக்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. செல்வி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மீனா சிஸ்டர்:

ராஜவேல் அண்ணா, உங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. பெட்டி மாற்றுவதைச் சின்ன வேலை என்று சொல்லி அனுப்புவது தவறு, அதில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். 2010இல் அமெரிக்காவில் வெளியான பதிவேட்டு ஆய்வில் வெறும் பெட்டி மாற்றியவர்களில் 4 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் பெரிய சிக்கல் வந்திருக்கிறது. திட்டமிட்டுப் புது லீட்டும் சேர்த்தவர்களில் அது 15 சதவீதம்.

ஆனால் செல்வி வீட்டு நிலைமை உங்கள் மச்சானுடையது போல இல்லை. அவருடைய அப்பாவுக்கு ஒரு தடவை உண்மையான ஆபத்து வந்து, கருவி காப்பாற்றியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். மாற்றாமல் விடுவது என்பது பேட்டரி தீர்ந்த பிறகு காவல் இல்லாமல் இருப்பது.

பொதுவாகவும் ஒன்று சொல்கிறேன். 2005இல் வந்த பெரிய ஆய்வில் பம்பிங் 35 சதவீதமும் அதற்குக் கீழும் இருந்த சுமார் 2,500 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷத்தில் கருவி இல்லாதவர்களில் நூற்றுக்கு 36 பேர் இறந்தார்கள், கருவி வைத்தவர்களில் 29 பேர். அந்த ஏழு பேர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு ஷாக்கும் தேவைப்படாத பலருக்கும் வைக்கிறோம். உங்கள் மச்சான் போன்றவர்களுக்கு அந்த விலை பெரியது, நான் மறுக்கவில்லை. பேட்டரி தீரும் நேரம்தான் "இன்னும் தேவையா?" என்று நோயாளி உட்கார்ந்து கேட்க வேண்டிய நேரம். பம்பிங் நன்றாகத் தேறிவிட்டவர்களும், வேறு கடுமையான நோயில் படுத்திருப்பவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

செல்வி, சர்க்கரை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். தோலுக்கடியில் பெட்டி வைக்கும் பையில் இரத்தம் கட்டினால் இன்ஃபெக்ஷனுக்கு வழி திறந்துவிடும். பெட்டியைச் சுற்றிப் போடும் ஆன்டிபயாடிக் உறை ஒன்று இருக்கிறது, 2019இல் வந்த ஆய்வில் பெரிய இன்ஃபெக்ஷன்களை 40 சதவீதம் குறைத்தது. விலை அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை. அப்பாவுக்கு வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேத்லேப் முத்து:

ராஜவேல் சார், கைடன்ட் பற்றி நீங்கள் எழுதியது சரி. மறைத்ததற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன்.

பெட்டிகளிலும் கோளாறு இல்லாமல் இல்லை. 1990 முதல் 2002 வரையிலான அமெரிக்கக் கணக்கில் பேஸ்மேக்கர்கள் ஆயிரத்துக்கு 4.6 பழுதாகி மாற்றப்பட்டன, ஐசிடிகள் ஆயிரத்துக்கு 20.7. நாலு மடங்குக்கும் மேல். 2016 அக்டோபரில் செயின்ட் ஜூட் பெட்டிகளில் இன்னொரு பிரச்சினை வந்தது. பேட்டரிக்குள் லித்தியம் படிந்து ஷார்ட் ஆகி, வருஷக்கணக்கில் வர வேண்டிய மின்சாரம் சில வாரத்தில், சிலருக்கு ஒரே நாளில் காலியானது. 2015 மே மாதத்துக்கு முன் தயாரானவை, உலகம் முழுக்க ஏறக்குறைய 4 லட்சம். இரண்டு பேர் இறந்தார்கள். 2023இல் மெட்ரானிக் பெட்டிகள் சுமார் 3.5 லட்சத்துக்கு இன்னொரு ரீகால். ஷாக் போகும் நேரத்தில் பெட்டிக்குள்ளேயே மின்சாரம் தடம் மாறி, பாதுகாப்புச் சுற்று அதை வெட்டிவிட்டது. கிடைத்த ஷாக் மிகக் குறைவு, சில சமயம் ஒன்றுமே இல்லை. இதற்குப் பெட்டியை வெளியே எடுக்கச் சொல்லவில்லை, மின்சாரம் பாயும் திசையை, வெளியிலிருந்தே பெட்டியின் அமைப்பை மாற்றும் ப்ரோகிராமரில் மாற்றி வைக்கச் சொன்னார்கள்.

செல்வி, இதை நன்றாகக் கவனியுங்கள். ரீகால் என்றதும் உடம்பிலிருந்து எடுப்பார்கள் என்று நினைத்துப் பலர் நடுங்கிப்போகிறார்கள். பெரும்பாலும் ப்ரோகிராம் மாற்றம், அடிக்கடி செக்கப், எச்சரிக்கை ஒலியை இயக்குவது, இவ்வளவுதான் இருக்கும். ரியாட்டாவில் கம்பி வெளியே தெரிந்தவர்களுக்குக்கூட, மின் அளவுகள் சரியாக இருந்தால் எடுக்க அவசரப்பட வேண்டாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் முடிவெடுத்தார்கள்.

அதே காரணத்தால் உங்கள் முக்கியக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். நன்றாக இருக்கும் லீட்டை "எதற்கும் இருக்கட்டும்" என்று மாற்றக் கூடாது. ஒட்டி வளர்ந்த லீட்டை லேசர் உறை வைத்து வெட்டி உருவ வேண்டும். பெரிய இரத்தக்குழாய் கிழிந்தால் சில நிமிஷத்தில் உயிர் போகும், அதனால் இதய அறுவை சிகிச்சைக் குழு தயாராக நிற்க வேண்டும். பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைச் செருகினால் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம், பின்னால் எம்ஆர்ஐ எடுப்பதிலும் சிக்கல். உங்கள் ஆஸ்பத்திரி சொன்னது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேட்க வேண்டியது: லீட்டின் மின்தடை அளவு இத்தனை வருஷத்தில் எப்படி மாறியிருக்கிறது, இன்றைய எண்ணை மட்டும் பார்த்தார்களா, முழு வரலாற்றையும் பார்த்தார்களா? துடிப்பை உணரும் அளவு குறைந்திருக்கிறதா? பொருளில்லாத இரைச்சல் எப்போதாவது பதிவாகியிருக்கிறதா? பெட்டியைக் கழற்றும்போது ஷாக் போகும் பாதையையும் சேர்த்துச் சோதிப்பார்களா, எக்ஸ்ரேயில் லீட் முழுவதையும் பார்ப்பார்களா? இதற்கெல்லாம் ஐந்து நிமிஷம் போதும்.

தென்காசி ஹரி:

நடுவில் ஒரு சந்தேகம். லீட்தான் பிரச்சினை என்றால் இதயத்துக்குள் லீட் போகாத, தோலுக்கடியில் மட்டும் வைக்கும் ஐசிடி வந்திருக்கிறதே? அதை வைத்தால் தொல்லை முடிந்ததா?

கேத்லேப் முத்து:

ஹரி, 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வயது குறைந்தவர்களுக்கு நல்ல தேர்வு, லீட் கெட்டாலும் எடுப்பதில் இவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் அதன் லீட்டிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முறிவு வந்து 2020 டிசம்பரில் எச்சரிக்கை வந்தது. பெட்டி பெரியது, அதிவேகத் துடிப்பை வலியில்லாமல் சின்னச் சின்ன மின்துடிப்பால் அடக்கும் வேலையை அதனால் செய்ய முடியாது. செல்வியின் அப்பா போல நல்ல லீட் ஏற்கெனவே உள்ளவருக்கு அதற்கு மாற வேண்டிய அவசியம் இல்லை.

ராஜவேல்:

இந்தக் கோளாறு எண்களெல்லாம் கம்பெனிகள் தாங்களாகவே வெளியிடும் அறிக்கையிலிருந்து வருபவையா?

கேத்லேப் முத்து:

பெரும் பகுதி அப்படித்தான் சார், இதில் உங்கள் சந்தேகம் நியாயமானது. திரும்பி வந்த கருவியைப் பிரித்துப் பார்த்துத்தான் கோளாறு என்று உறுதி செய்கிறார்கள். கெட்டுப்போன லீட்டை மூடிவிட்டு உடம்புக்குள்ளேயே விட்டால் அது திரும்பி வராது. நோயாளி இறந்துவிட்டால் பெட்டியைச் சோதிக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சூட்டில் வெடிக்கும் என்பதால் தகனத்துக்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும், அப்படி எடுத்த பெட்டிகள்கூடப் பெரும்பாலும் ஆய்வுக்குப் போவதில்லை. உண்மையான கோளாறு வீதம் அறிக்கையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கருத்து. பல மருத்துவமனைகள் சேர்ந்து நோயாளிகளைப் பின்தொடரும் பதிவேடுகளை நான் அதிகம் நம்புவது அதனால்தான். ஃபிடெலிஸ் கோளாறை முதலில் எழுதியதும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்கள்தான்.

நம் நாட்டில் 2015 ஜூலையிலிருந்து மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய ஃபார்மகோபியா ஆணையம் நடத்துகிறது. கருவிகளால் வரும் பாதிப்பை அங்கே தெரிவிக்கலாம். உங்கள் மச்சான் விஷயத்தை யாராவது தெரிவித்தார்களா?

ராஜவேல்:

இல்லை. அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. டிஸ்சார்ஜ் காகிதங்கள் அக்கா வீட்டில் இருக்கும், எடுத்துப் பார்க்கிறேன்.

கரூர் செல்வி:

எல்லோருக்கும் நன்றி. அட்டையில் பெட்டி விவரம் மட்டும்தான் இருந்தது, லீட்டுக்கான வரி காலி. 2017 டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், அதிலிருந்து மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எடுத்துக்கொண்டேன்.

நேற்று டாக்டரைப் பார்த்து முத்து அண்ணா சொன்ன கேள்விகளைக் கேட்டேன். கோபப்படுவாரோ என்று நினைத்தேன், இல்லை. கம்ப்யூட்டரில் மின்தடை வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். எட்டு வருஷமும் கோடு ஏறாமல் இறங்காமல் ஒரே நேராக இருக்கிறது. இரைச்சல் பதிவு எதுவும் இல்லை. லீட்டின் மாடல் எண்ணையும் சரிபார்த்து, அதற்கு எச்சரிக்கை எதுவும் இல்லை என்றார். பெட்டி மாற்றும்போது மேஜையிலேயே மறுபடி சோதிப்பேன், சந்தேகம் வந்தால் மட்டும் புது லீட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். வீட்டு மானிட்டர் புதுப் பெட்டியோடு கிடைக்கும், தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டிவிடலாம் என்று அண்ணனும் நானும் முடிவு செய்துவிட்டோம். அப்பாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன்.

மீனா சிஸ்டர்:

ரொம்ப சந்தோஷம் செல்வி. இன்னும் ஒன்று மட்டும். சில பெட்டிகள் எச்சரிக்கையாகப் பீப் ஒலிக்கும், சில அதிரும். டிஸ்சார்ஜுக்கு முன் அதை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். வயதானவர்களுக்குச் சன்னமான பீப் காதில் விழாது, அதனால் அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். அது எந்த நாள் ஒலித்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்ய வேண்டும்.

ராஜவேல்:

கழற்றுகிற பழைய பெட்டியை என்ன செய்வார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

கரூர் செல்வி:

கேட்டேன் சார். கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டு போவாராம். சீரியல் எண்ணைக் குறித்து, ஆய்வுக்கு அனுப்பியதாக ஒரு ரசீது வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கொடுத்தார்களா என்று வியாழனுக்குப் பிறகு இங்கேயே எழுதுகிறேன்.